எல்லாவற்றுக்கும் பந்தி வைத்தவர்

பதுளையிலிருந்து பெரகல வரைக்கும் உள்ள மலைகளில், பந்திக்காரர் கையால் ஒரு வாயாவது வாங்கிச் சாப்பிடாத உயிர் ஒன்றுகூட இருந்திருக்க முடியாது. மாடு, கோழி, நாய் எல்லாம் சின்னக் கணக்கு. தேயிலை சாப்பிட்டது, மண்புழு சாப்பிட்டது, பாறையில் ஒட்டியிருந்த பாசிகூடச் சாப்பிட்டது. மழைக்காலத்தில் எங்கள் மலையில் இருந்த அட்டைகள் மற்றவர்கள் காலைத் தாண்டிப் போய் அவர் காலில்தான் ஏறும். அட்டைக்குப் படிப்பு கிடையாது. ஆனாலும் நல்ல சாப்பாட்டுக்கடை எது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் கணக்கப்பிள்ளை கூப்பிட்டால் அவருக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. 'பந்தி' என்று கூப்பிட்டால் அடுத்த மலையிலிருந்து பதில் வரும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தார். நடுவில் ஒரு சுவர்தான். அவர் வீட்டில் கோழி தும்மினாலும் எங்கள் வீட்டில் கேட்கும்.

அந்தப் பெயர் அவருக்கு உரம் போடும் வேலையில் வந்தது. உரம் போடுவது என்றால் ஆளுக்கு ஒரு வாளியும் ஒரு சின்ன டின்னும் கொடுப்பார்கள். ஒரு செடிக்கு ஒரு டின் என்று தூரைச் சுற்றித் தூவிக்கொண்டு நிரை நிரையாகப் போக வேண்டும். நாங்கள் எல்லாரும் அதை எப்போது முடியும் என்ற நினைப்பில் செய்தோம். அவர் மட்டும் கல்யாண வீட்டில் இலை இலையாகப் பரிமாறுகிறவர் மாதிரிக் குனிந்து குனிந்து போவார்.

"இந்தா, நீ வாங்கிக்க. அடுத்தாளு வாங்கிக்க. என்ன, இந்த வருசம் ரொம்ப எளைச்சுப் போயிட்ட? சரி, சாப்புடு."

கணக்கப்பிள்ளைக்கு இது பிடிக்காது.

"ஏய் பந்தி, செடிகிட்ட நலம் விசாரிக்கிறதுக்கா ஒனக்குப் பேர் போடுறேன்?"

"இல்லீங்க ஐயா. ஒரு வார்த்த கேக்காமப் போட்டா மரியாதையா இருக்காதுங்க."

நிரை முடிந்து எல்லாரும் மலை உச்சிக்குப் போன பிறகு, கீழே ஒரு செடியைத் தவறவிட்டுவிட்டதாக அவருக்குச் சந்தேகம் வரும். உடனே வாளியைத் தூக்கிக்கொண்டு சறுக்கி இறங்குவார். ஒரு செடிக்காகவா என்று கேட்டால், "பந்தியில ஒரு எலையத் தாண்டிட்டா அந்த ஆளு சாகுற வரைக்கும் மறக்க மாட்டான் தம்பி" என்பார். தேயிலைச் செடி நூறு வருஷம் இருக்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவ்வளவு காலம் ஒரு செடியின் கோபத்தைத் தாங்க அவர் தயாராக இல்லை.

அட்டை கடித்தால் நாங்கள் சுண்ணாம்பு வைப்போம், அல்லது பிடுங்கி எறிவோம். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வார். அட்டை குடித்து உருண்டையாகித் தானே விழும் வரைக்கும் அசைய மாட்டார்.

"பாதிச் சாப்பாட்டுல எழுப்பக் கூடாது" என்பார். "அதுக்கு இனி எப்ப கெடைக்குமோ."

அவரோடு எங்கேயாவது நடந்து போவது பெரிய வேலை. பத்தடிக்கு ஒரு தடவை நிற்பார். எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: "இது என்னத்தச் சாப்புடுது?" சவுக்கு மரத்தில் ஒட்டிக்கொண்டு வளரும் குருவிச்சையைக் கண்டால் முகம் சுளிப்பார். "மரம் சமைக்குது, இது உக்காந்து திங்குது" என்பார். மாமனார் வீட்டோடு வந்து தங்கிவிட்ட ஒரு மருமகன் எங்கள் லயத்தில் இருந்தார். பந்திக்காரர் அவரைப் பார்க்கும்போதெல்லாம் சவுக்கு மரத்தைப் பற்றிப் பேசுவார். உளுத்த கட்டையில் முளைத்த காளானைக் கண்டால் மட்டும் மரியாதையாகத் தலையசைப்பார். "எல்லாரும் எந்திரிச்சுப் போன பொறகு எலை எடுக்க வர்ற ஆளு இவன். இவன் இல்லேன்னா இந்த மலை நாறிப் போயிரும்."

நான் தோட்டத்துப் பள்ளியில் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். செடி கொடி, புழு பூச்சி எப்படிப் பிழைக்கின்றன என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதுதான். அவர் சொன்னதில் பாதி தப்பு. எந்தப் பாதி என்றுதான் இன்று வரைக்கும் தெரியவில்லை.

ஒரு தடவை பள்ளிக்கூடத்து மாஸ்டர் அவர் நெஞ்சில் இடியைப் போட்டார். செடிக்கு உரம் சாப்பாடு இல்லையாம். இலைதான் வெயிலையும் காற்றையும் தண்ணீரையும் வைத்துத் தனக்கு வேண்டிய சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்கிறதாம். நாம் போடும் உரம் சோற்றுக்குப் போடுகிற உப்பு மாதிரித்தானாம். பந்திக்காரர் அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. இத்தனை வருஷம் சோறு போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவரிடம், நீ உப்புதான் வைத்தாய் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வெயில் வருகிற பக்கம் பார்த்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"என்னாண்ணே இது?" என்று கேட்டேன்.

"எலைக்கு முடியுது. எனக்கு முடியாதான்னு பாக்குறேன்."

பத்து மணி வரைக்கும் பொறுத்தார். பிறகு வந்து தன் ரொட்டியையும் தின்று, என் ரொட்டியிலும் பாதியைத் தின்றார். "பச்சையா இருக்கணும் போல" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கினார். அன்று மாலைக்குள் மனசும் தேறிவிட்டது. "உப்பில்லாம யாரு தம்பி சாப்புடுவா?" என்று கேட்டுக்கொண்டே லயத்துக்கு இறங்கினார்.

அப்புறம் அந்தப் பூச்சிதின்னிச் செடி. பண்டாரவளைக்குப் போகிற குறுக்குவழியில் ஒரு புல்வெளி உண்டு. அங்கே ஈரத்தில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு சிவப்புச் செடி கிடந்தது. இலை முழுக்க மயிர். மயிர் நுனியில் தேன் மாதிரி ஒரு சொட்டு. அதில் ஒரு எறும்பு ஒட்டிக்கொண்டு கிடந்தது. இலை மெதுவாக மடங்கி எறும்பை மூடிக்கொண்டிருந்தது.

பந்திக்காரர் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். தானே சமைக்கிற ஆள், வெளியிலும் சாப்பிடுகிறானே என்று அவருக்கு ஆச்சரியம். வேரோடு பெயர்த்து, டின்பால் டின் ஒன்றில் வைத்துக் கொண்டுவந்து வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வைத்தார். அதற்குக் கிடைத்த உபசாரம் மாப்பிள்ளைக்குக் கிடைக்காது. முதலில் கொசு. பிறகு ஈ. பிறகு கருவாட்டுத் துணுக்கு. லயத்தில் உள்ளவர்கள் எல்லாரும் வேலை விட்டு வந்து, அது சாப்பிடுவதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். கடைசியில், புது இடம், நல்லாச் சாப்பிடட்டும் என்று டின்னில் ஒரு பிடி உரத்தையும் போட்டார். இரண்டு நாளில் செடி கறுத்துச் செத்துப் போனது. மண்ணில் சத்து இல்லாத இடத்தில் இருந்து பழகித்தான் அது பூச்சி பிடிக்கக் கற்றதாம். சத்தைக் கொட்டியதும் தாங்கவில்லை. இதையும் மாஸ்டர்தான் சொன்னார். அன்று மாலை பந்திக்காரர் சாப்பிடவில்லை.

அவர் மனைவி மீனாச்சி அண்ணி சுவருக்கு அந்தப் பக்கம் சொல்வது எங்களுக்குக் கேட்டது. "ஒரு புல்லுக்குத் துக்கம் காக்குற மனுசன இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"புல்லு இல்ல மீனாச்சி. விருந்தாளி."

இனிப் பஞ்ச வருஷத்துக்கு வருகிறேன். எழுபதுகளின் நடுப்பகுதி. பங்கீட்டுக் கூப்பனுக்கு அரிசி கிடைக்கவில்லை, மாவும் குறைந்துவிட்டது. மரவள்ளிக் கிழங்கும் கீரையுமாகத் தோட்டம் முழுவதும் வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தது. அந்த வருஷம்தான் மீனாச்சி அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் இதற்குப் பேர் வைக்கவும் பயந்துகொண்டு 'பாப்பா' என்றே கூப்பிட்டார்கள்.

பிரசவத்துக்குப் பிறகு அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது பாலும் போய்விட்டது. பிள்ளை அழுதது. பிறகு அழவும் தெம்பில்லாமல் முனகியது. சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் கேட்டுக்கொண்டே படுத்திருப்போம்.

தோட்டத்து மருந்துக்கார ஐயா பிள்ளையைப் பார்த்துவிட்டு, "பால்மா வாங்கிக் கரைச்சுக் குடு" என்றார். "ரெண்டு கிழமையில, பதினாலு நாளுக்குள்ள, நிறை ஏறணும். ஏறலேன்னா பதுளை ஆஸ்பத்திரியில கொண்டுபோய் வச்சிற வேண்டியதுதான். இப்பவே போய் நிறுத்துக்க. எங்க தராசு உடைஞ்சு கெடக்குது. கொழுந்து நிறுக்கிற தராசுல நிறுத்துக்க."

கணக்கப்பிள்ளை கொழுந்துக் கூடையில் பிள்ளையைப் படுக்க வைத்து, மூன்று கால் கம்பத்தில் தொங்கும் தராசில் மாட்டினார். கூடையின் எடைக்கு இரண்டு ராத்தலைக் கழித்துவிட்டு, "எட்டு" என்றார். எட்டே ராத்தல் கொழுந்தைக் கொண்டுவந்தால் கங்காணி ஏசுவார். பந்திக்காரர் அந்த எட்டைக் கேட்டுக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு பண்டாரவளைக்குப் போனார். அங்கே ஒரு முஸ்லிம் நானாவின் கடையில்தான் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்குவது. கடையில் தட்டு எல்லாம் காலி. நானா கல்லாவுக்குப் பின்னால் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். சாக்கின் மேல் ஒரு பெரிய பூனை படுத்திருந்தது.

"பால்மாவா? அல்லாவே, நான் அத கண்ணால கண்டு மாசமாகுது" என்றார் நானா.

பந்திக்காரர் பூனையைப் பார்த்தார்.

"நானா, இந்தப் பூனை என்னத்தச் சாப்புடுது?"

"எலி."

"இவ்வளவு கொழுத்திருக்கே. அப்ப எலி என்னத்தச் சாப்புடுது?"

"என்னத்தச் சாப்பிடும், கடையில இருக்கிறத."

"கடையிலதான் ஒண்ணும் இல்லையே நானா."

நானா விசிறியை நிறுத்தினார். "சவர்க்காரம் இருக்கி. சவர்க்காரத்தத் திங்குது. போதுமா?"

"சவர்க்காரம் தின்ன எலியத் தின்னா பூனைக்கு வயித்துல நுரை வருமே."

"ஒளிச்சி வச்சிருக்கேன்னு சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல. பூனைதான் சொல்லுது."

நான் மெதுவாக வாசலுக்கு நகர்ந்துவிட்டேன். ஆனால் நானா சிரித்துவிட்டார். "வந்து பாருங்க" என்று பின் அறையைத் திறந்தே காட்டினார். காலிச் சாக்குகள்தான். யாருக்குப் பால்மா என்று கேட்டார். சொன்னதும் அவர் முகம் மாறியது. உள்ளே போய், தன் வீட்டுக்கு வைத்திருந்த சவ்வரிசியில் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து தந்தார். "இது புள்ளைக்கி இல்ல. தாய்க்கி" என்றார்.

திரும்பி வரும்போது பந்திக்காரர் எந்தச் செடியையும் பார்க்கவில்லை. எங்கேயும் நிற்கவில்லை. அவர் நிற்காமல் நடந்ததை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

எங்கள் மூத்தவன் அப்போது ஆறு மாதக் குழந்தை. நாங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது என் மனைவி சரசு இஸ்தோப்பில் உட்கார்ந்து அவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் கையைப் பார்த்தாள். பால்மா இல்லை என்று தெரிந்துகொண்டாள். அவனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து பக்கத்துக் காம்பராவுக்குள் போனாள்.

"அண்ணி, பாப்பாவக் குடுங்க" என்றது கேட்டது.

பிறகு பிள்ளை சப்பிக் குடிக்கிற சத்தம். பிறகு மீனாச்சி அண்ணி அழுகிற சத்தம். பந்திக்காரர் கதவுக்கு வெளியே சவ்வரிசிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

அன்றிலிருந்து எங்களுக்குப் பிடித்தது சனி.

பந்திக்காரர் ஒரு கணக்குப் போட்டார். பிள்ளைக்குப் பால் சரசுவிடமிருந்து வருகிறது. சரசுவுக்குப் பால் அவள் சாப்பிடுவதிலிருந்து வருகிறது. அவள் சாப்பிடுவது மண்ணிலிருந்து வருகிறது. ஆகவே மண்ணிலிருந்து தொடங்க வேண்டும். லயத்துக்குப் பின்னால் இருந்த முருங்கை மரத்தடியில் சாணத்தையும் சருகையும் கொட்டினார். மண்புழுக்களைப் பொறுக்கிக் கொண்டுவந்து அதில் குடிவைத்தார். ஓடைக்கரையில் வல்லாரை பிடுங்கினார், பொன்னாங்காணி பிடுங்கினார். கல்லைப் புரட்டி நண்டு பிடித்தார். எல்லாவற்றையும் அண்ணியைச் சமைக்கச் சொல்லி, சட்டியோடு எங்கள் வாசலுக்குத் தூக்கி வந்தார்.

அதுவும் எப்போது வருவார்? மழை இருட்டும்போது. உரம் போடுவது மழைக்கு முன்னால்தான்; வெயிலில் போட்டால் வேர் கருகிவிடும். அந்தச் சட்டத்தை அவர் சரசுவுக்கும் பிரயோகித்தார். வானத்தில் ஒரு மேகம் கறுத்தால் போதும், முருங்கைக்கீரைச் சட்டியோடு ஓடி வருவார். சாப்பிட்டு முடித்ததும் ஒரு செம்பு வெந்நீர் குடித்தாக வேண்டும். சத்து கரைந்து வேருக்கு இறங்க வேண்டுமல்லவா?

"அண்ணே, நான் என்ன தேயிலச் செடியா?"

"தேயில இவ்வளவு பேசாது தங்கச்சி. சாப்புடு."

"இப்பத்தான் சாப்புட்டேன். வயித்துல எடமில்ல."

"ரெண்டு புள்ளைக்குச் சமைக்கிற அடுப்பு. வெறகு பத்தாமப் போயிரக் கூடாது."

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்தால் பரவாயில்லை. என் பாடுதான் திண்டாட்டம். காலையில் பெரட்டுக் களத்தில், ஆணும் பெண்ணும் நூறு பேர் நிற்கும்போது, அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டுக் கேட்பார்.

"தம்பி, தங்கச்சிக்கு நேத்து ராத்திரி பால் எப்பிடி?"

நான் யாரோடும் அதிகம் பேசாதவன். மண்வெட்டியின் பிடியையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"கூச்சப்படாதப்பா" என்பார். "எல்லாரும் குடிச்சு வளந்தவங்கதான்."

சரசு எனக்கு மட்டும் ஒன்று சொன்னாள். அவர் கொண்டுவருகிற சட்டியில் ரொட்டியும் இருக்கிறது. அது அவர் மலைக்குக் கொண்டுபோக வேண்டிய பகல் ரொட்டி. நான் பார்த்தேன். உண்மைதான். பகலில் எல்லாரும் சாப்பிட உட்காரும்போது அவர் வாளியைக் கழுவப் போய்விடுவார். ரவிக்கை மாதிரி இறுக்கமாக இருந்த அவர் சட்டை, அந்த மாதம் அவர் மேல் கொடியில் தொங்குகிற மாதிரித் தொங்கியது.

இரண்டு கிழமை முடிந்தது. பிள்ளையை நிறுக்க வேண்டிய நாளன்று காலையிலிருந்தே மழை. பகல் நிறுவைக்குப் பெண்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்த கூடைகளோடு வரிசையாக நின்றார்கள். பந்திக்காரர் பிள்ளையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வரிசைக்கு நடுவே போனார். நானும் சரசுவும் பின்னால் போனோம். கூடையில் வைத்தார்கள். தராசு முகத்தைக் கணக்கப்பிள்ளை மட்டும்தான் பார்ப்பார். ஆள்கள் எட்டிப் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது. பந்திக்காரர் மழை படாமல் கூடைக்கு மேலே கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏழு" என்றார் கணக்கப்பிள்ளை. "அடுத்த ஆளு."

எட்டு ஏழாகிவிட்டது. பந்திக்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். அவர் சரசுவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் மேல் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பார்க்காமலே நடந்தார்.

லயத்தில் அண்ணி, கேட்டதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவர் ஒரு துணிப்பையை எடுத்து, பதுளைக்குப் போவதற்குப் பிள்ளையின் துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினார். கோழிகள் வந்து காலைச் சுற்றிக் கத்தின. அவர் கவனிக்கவில்லை.

சரசு எங்கள் காம்பராவில் உட்கார்ந்திருந்தாள். நான் ஏதாவது சொல்லியிருந்தால் தப்பாகத்தான் சொல்லியிருப்பேன். மாலையில் பிள்ளைக்குக் கடைசியாக ஒரு தடவை கொடுத்து அனுப்பலாம் என்று எழுந்து போனாள். போனவள் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். திரும்பவும் மாற்றினாள்.

"பொய்" என்றாள்.

"என்ன தங்கச்சி?"

"கூலிக்குக் கொழுந்து பறிக்கிறவ நான். ஏழு ராத்தல் எப்பிடி இருக்கும்னு என் கைக்குத் தெரியும். இது ஏழு இல்ல. வாங்க."

பிள்ளையோடு மழையில் இறங்கிவிட்டாள். நாங்கள் பின்னால் ஓடினோம். அந்தி நிறுவை நடந்துகொண்டிருந்தது. சரசு வரிசையில் நிற்கவில்லை. நேராகத் தராசுக்கு முன்னால் போய், கையில் கிடைத்த காலிக் கூடையில் பிள்ளையை வைத்துவிட்டாள்.

"என்னம்மா இது? பகல்தானே நிறுத்தேன்" என்றார் கணக்கப்பிள்ளை.

"திரும்பி நிறுங்க ஐயா."

அவர் எரிச்சலோடு தராசைப் பார்த்தார். "அதே ஏழுதான்."

"முள்ளு எங்க நிக்குது?"

"பன்னெண்டுல."

"கூடைக்கு எவ்வளவு கழிச்சீங்க?"

"ரெண்டு."

"அப்ப பத்துல்ல வரணும். மிச்சம் மூணு எங்க?"

கணக்கப்பிள்ளை வானத்தைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மழை நாளில்ல. தண்ணிக்குக் கழிச்சேன்."

மழை நாளில் நனைந்த கொழுந்துக்குக் கூடைக்கு மூன்று ராத்தல் கழிப்பது வழக்கம். எத்தனையோ வருஷமாகக் கழித்துக் கழித்து, அவர் வாய் தானாகவே கழித்துவிட்டது. கூடையில் இருப்பது கொழுந்தா பிள்ளையா என்று வாய்க்குத் தெரியவில்லை.

வரிசையின் கடைசியில் யாரோ ஒரு பெண் சிரிக்கத் தொடங்கினாள். அது முன்னால் வரைக்கும் வந்தது. கூடையோடு நின்றவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "புள்ளையப் புழிஞ்சு பாத்தீங்களா ஐயா?" என்று ஒருத்தி கேட்டாள். "என் கூடையிலயும் ஒரு புள்ளதான் இருக்கு, கழிக்காதீங்க" என்றாள் இன்னொருத்தி. கணக்கப்பிள்ளைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அதை வெளியே விட்டால் நாளையிலிருந்து வேலை நடக்காது. தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "பத்து" என்றார். அந்தத் தோட்டத்தில் தண்ணீருக்குக் கழித்த ராத்தல் திரும்பி வந்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

பந்திக்காரர் சிரிக்கவில்லை. கூடைக்குப் பக்கத்தில் குனிந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டு, பத்தாகியிருந்தது. பிள்ளை எதைப் பற்றியும் கவலைப்படாமல் தன் கையைச் சப்பிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்தபோது முகம் முழுக்க ஈரம். மழைதான் என்று எல்லாரும் வைத்துக்கொண்டோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மீனாச்சி அண்ணியை அடுப்புப் பக்கமே விடாமல் அவரே கஞ்சி காய்ச்சினார். எங்கேயோ அலைந்து கொஞ்சம் அரிசி தேடிப் பிடித்திருந்தார். அதோடு என்னென்ன போட்டார் என்று தெரியாது. கறுப்பாக ஏதோ மிதந்தது, பச்சையாக ஏதோ அடியில் கிடந்தது. இரண்டு வீட்டுக்காரரையும் இஸ்தோப்பில் வரிசையாக உட்கார வைத்துப் பரிமாறினார். சரசு ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். கஞ்சி அடிப்பிடித்துப் புகை நாறியது.

அவர் எங்கள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"எப்பிடி தம்பி?"

எனக்கு அப்போதும் பேச வரவில்லை. காலியான கோப்பையை அவர் பக்கம் நீட்டினேன். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி.